தலை பிற்பாடு வந்தது

1909-ஆம் ஆண்டு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஈத்தல் பிரவுன் இரண்டு நிற ஹைட்ராக்களை எடுத்துக்கொண்டார். குளத்துப் பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குழாய் உயிரி அது. ஒன்று பச்சை, உள்ளே பாசி குடியிருப்பதால். இன்னொன்று பாசி நீக்கப்பட்டு வெளிறியது. ஒன்றின் வாய்நுனியிலிருந்து, உணர்கொம்புகளுக்கு நடுவே மேடாக இருக்கும் அந்தத் துணுக்கை நறுக்கி, வேறு நிறத்து ஹைட்ராவின் விலாவில் செருகினார். செருகிய இடத்தில் புதிதாக ஓர் உடலே முளைத்தது.

மாங்கன்றில் ஒட்டுக் கட்டினால் ஒட்டிய கிளை தானே வளர்ந்து தன் பழத்தைக் கொடுக்கும். இங்கே நடந்தது வேறு. முளைத்த உடலின் பெரும்பகுதி விருந்தாளியின் நிறத்தில் இல்லை, வீட்டுக்காரனின் நிறத்தில் இருந்தது. அதாவது செருகிய துணுக்கு தான் வளரவில்லை. அக்கம்பக்கத்துச் செல்களுக்கு "இனி இங்கே ஓர் அச்சு" என்று உத்தரவு போட்டிருக்கிறது. இரண்டு நிறங்களை எடுத்துக்கொண்டதில்தான் பிரவுனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நிறம் ஒன்றாக இருந்திருந்தால் யார் வளர்ந்தார்கள், யார் வளர்க்கப்பட்டார்கள் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

பதினைந்து ஆண்டு கழித்து ஜெர்மனியில் ஹில்டே மங்கோல்டும் ஹான்ஸ் ஷ்பேமானும் நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரியின் கருவில் இதே உத்தியைக் கையாண்டார்கள். கரு உள்மடியத் தொடங்கும் இடமான கருத்துளையின் மேலுதட்டை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப்புறத்தில் வைத்ததும் அங்கே இரண்டாவது நியூட் ஒட்டிப் பிறந்ததுபோல் உருவானது. அந்தத் துணுக்குக்கு 'அமைப்பாளர்' என்று பெயர் வைத்தார்கள். மங்கோல்டு கட்டுரை வெளியான 1924-ஆம் ஆண்டிலேயே தீ விபத்தில் இறந்தார். ஷ்பேமானுக்கு 1935-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரவுனைப் பாடநூல்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன.

யாருக்கு முதல் மரியாதை என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஹைட்ராவின் கால்வழியும் நியூட்டின் கால்வழியும் பிரிந்து 60 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்கின்றன பெரும்பாலான மூலக்கூறுக் கணிப்புகள். ஒன்றுக்கு முதுகெலும்பு இருக்கிறது, மூளை இருக்கிறது, நான்கு கால் இருக்கிறது. மற்றொன்று வாயுள்ள ஒரு பை, அவ்வளவுதான். இரண்டிலும் ஒரு துணுக்குத் திசு உடலின் அச்சைக் கட்டளையிட்டு உருவாக்குகிறது. கட்டளையின் மொழியும் ஒன்றுதானா?

விடை வந்த வழி நேரானதல்ல. 1973-இல் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். பி. ஷர்மா, இறக்கையில்லாத ஒரு பழ ஈயைப் பற்றி எழுதினார். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் மார்புப் பகுதியே இன்னொரு முறை உருவாகியிருந்தது. அந்த மரபணுவுக்கு 'விங்லெஸ்' என்று பெயரிட்டார். 1982-இல் அமெரிக்காவில் ரோயல் நுஸ்ஸேயும் ஹெரால்டு வார்மஸும், எலியின் மார்பகப் புற்றுநோயில் வைரஸ் வந்து நுழைகிற இடத்தருகே 'இன்ட்-1' என்றொரு மரபணுவைக் கண்டார்கள். இரண்டும் ஒன்றே என்று 1987-இல் தெரிந்தது. இரு பெயர்களையும் ஒட்டி 'வின்ட்' என்ற குடும்பப் பெயர் வந்தது. இன்ட்-1 செய்தியை (மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலை)த் தவளைக் கருவின் தவறான பக்கத்தில் செலுத்தினால் கருவுக்கு இரண்டு அச்சுகள் உண்டாகின்றன என்று 1989-இல் மெக்மஹோனும் மூனும் காட்டினார்கள். 2000-இல் ஹோப்மாயர், ஹோல்ஸ்டைன் குழு ஹைட்ராவில் வின்டைத் தேடியபோது அது எங்கே இருந்தது தெரியுமா? பிரவுன் நறுக்கிய அதே வாய்நுனியில்.

பெயர்கள் நம்மை ஏமாற்றும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இறக்கையே இல்லாத உயிரியில் 'இறக்கையின்மை' மரபணு. எலும்பே இல்லாத உயிரியில் பின்னால் வரப்போகும் 'எலும்பு வளர்ப்புப் புரதம்'. நாம் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம், அதனால் கடைசிப் பக்கத்து வேலைகளின் பெயர்களே முதல் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் அமைந்துவிட்டன.

வின்ட் வேலை செய்யும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. உற்பத்தியான கையோடு ஓயாமல் அழிக்கவும் படுகிறது. ஆக்சின், ஏபிசி, ஜிஎஸ்கே-3 முதலிய புரதங்கள் கூடிய ஓர் அழிப்புக் குழு அதைப் பிடித்து முத்திரை குத்திக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறது. வெளியிலிருந்து வின்ட் வந்து செல்லின் வாசலில் உள்ள ஏற்பியைத் தொட்டால் அழிப்புக் குழு முடங்குகிறது. பீட்டா-கேட்டனின் சேர்ந்து, உட்கருவுக்குள் போய், மரபணுக்களைத் திறக்கிறது. ஆக, இந்தச் சமிக்ஞை ஒரு செயலைத் தொடங்கி வைப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் அழிப்பை நிறுத்துகிறது. வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் சரக்கு எப்போதும் தயாராக இருப்பதால் உத்தரவு வந்ததும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதனால் அழிப்புக் குழுவைக் குலைக்கும் எதுவும் வின்ட் போலவே நடிக்கும். 1892-இல் கர்ட் ஹெர்ப்ஸ்ட் கடல்முள்ளெலிக் கருக்களை லித்தியம் கலந்த நீரில் வளர்த்தபோது குடல்பகுதி மிகுந்து, முன்பகுதி குன்றிய கருக்கள் வந்தன. லித்தியம் ஜிஎஸ்கே-3-ஐ அடக்குகிறது என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் அதே லித்தியம்தான். ஜிஎஸ்கே-3-ஐ அடக்கும் வேறொரு வேதிப்பொருளில் ஹைட்ராவை ஊறவைத்தால் உடல் முழுக்க உணர்கொம்பு முளைக்கிறது. ஒவ்வோர் இடமும் தன்னை வாய்ப்பக்கம் என்று நினைத்துக்கொள்கிறது.

சரி, உத்தரவு போட யாரும் இல்லாவிட்டால்? 1972-இல் டூபிங்கனில் ஆல்ஃபிரட் கீரர் குழுவினர் ஹைட்ராவைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, மீண்டும் ஒரு குவியலாகச் சேர்த்தார்கள். மாவு உருண்டை போன்ற அந்தக் குவியலுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. சில நாளில் அதிலிருந்து முழு ஹைட்ராக்கள் எழுந்தன. அதே ஆண்டு கீரரும் ஹான்ஸ் மைன்ஹார்ட்டும் கணக்காக ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும், அதிக தூரம் பரவாத ஒரு தூண்டி. அதனாலேயே உண்டாகி விரைந்து தூரம் பரவும் ஒரு தடுப்பி. இந்த இரண்டு மட்டும் இருந்தால் போதும், ஒரே சீரான திசுவில் தற்செயலான சிறு ஏற்றத்தாழ்வு ஒரு சிகரமாக வளர்ந்து நிற்கும், பக்கத்தில் இன்னொரு சிகரம் எழ விடாது. ஆலன் டூரிங் 1952-இல் போட்ட கணக்கின் உறவு இது. பிறகு அளந்து பார்த்ததில், குவியலில் 5 முதல் 15 செல்கள் ஒன்றுசேர்ந்து வின்டை வெளியிட்டாலே அச்சு பிறந்துவிடுகிறது என்று தெரிந்தது. தடுப்பி எது என்ற தேடல்தான் நீண்டது. 2019-இல் ஜெனீவாக் குழு எஸ்பி-5 என்ற காரணியை அந்த இடத்தில் நிறுத்தியது.

இனி தலைக்கு வருவோம். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் வழக்கு. கருவின் வழக்கு வேறு. தவளையில் தலை உண்டாக வேண்டுமானால் அங்கே வின்ட் ஓய்ந்திருக்க வேண்டும். 1998-இல் கிறிஸ்டோஃப் நீர்ஸ் குழு கண்ட டிக்கோஃப் என்ற புரதம் வின்டைத் தடுத்துத் தலையை வளர்க்கிறது. ஜெர்மன் மொழியில் 'தடித்த தலை' என்று பொருள்படும் அந்தச் சொல்லைப் பிடிவாதக்காரருக்கும் சொல்வார்கள். பிளனேரியா என்ற தட்டைப்புழுவின் வாலை வெட்டினால் வால் வளரும். ஆனால் பீட்டா-கேட்டனினை முடக்கிவிட்டு வெட்டினால் வால் இருந்த இடத்தில் தலை முளைக்கிறது. 2008-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. செம்மாவு வண்டு என்று நம் மளிகைக் கிடங்குகளில் திரியும் டிரைபோலியத்தின் முட்டையில் முன்முனையில் ஆக்சினின் செய்தி குவிந்திருக்கிறது. ஆக்சின் அழிப்புக் குழுவின் ஆள் என்பது நினைவிருக்கும். அதை முடக்கினால் வண்டுக்குத் தலை உருவாவதில்லை. 2009-இல் பீட்டர்சனும் ரெடியனும் இதுபோன்ற சான்றுகளைச் சேர்த்துவைத்து, இருபக்கச் சமச்சீர் உயிரிகளில் பின்முனை வின்டின் முனை, முன்முனை அதன் தடுப்பிகளின் முனை என்று எழுதினார்கள்.

அப்படியென்றால் தலை என்பது உத்தரவு கேட்காத இடம். உடலின் ஒரு முனைக்கு மட்டுமே குறி இடப்படுகிறது. குறியிடப்படாமல் மிஞ்சிய முனையில்தான் பிற்காலத்தில் கண்ணும் மூளையும் குடியேறின.

ஆனால் ஹைட்ராவில் வின்ட் இருப்பது வாய்நுனியில். அதைத் 'தலை' என்றே ஆய்வாளர்கள் நூறாண்டாக எழுதிவருகிறார்கள். நம் கணக்குப்படி அது வால்பக்கம் அல்லவா? இந்தச் சிக்கலை ஒரு கடல்சாமந்தி அவிழ்த்துக் கொடுத்தது. நெமடோஸ்டெல்லா வெக்டென்சிஸ் என்று பெயர். உப்பங்கழிச் சேற்றில் உடலைப் புதைத்து வாயையும் உணர்கொம்புகளையும் மட்டும் வெளியே நீட்டி வாழும். இதில் 2005-இல் வின்ட் மரபணுக்களைத் தேடியவர்களுக்குத் திகைப்பு: இருபக்க உயிரிகளில் தெரிந்திருந்த 12 வின்ட் துணைக்குடும்பங்களில் 11 இங்கே இருந்தன. உடல் எளியது என்பதால் மரபணுப் பெட்டியும் எளியதாக இருக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. பழ ஈயிடம்கூட இத்தனை இல்லை. அது பலவற்றைத் தொலைத்துவிட்டது. 2016-இல் வியன்னாவில் கிரௌஸ், டெக்னௌ, கெனிகோவிச் குழு இந்தக் கருவில் வின்ட்-1, வின்ட்-3 இரண்டையும் வேறிடத்தில் வெளிப்படுத்தியபோது அங்கே புதிய அச்சு பிறந்தது. மங்கோல்டின் நியூட்டும் பிரவுனின் ஹைட்ராவும் ஒரே மொழியைப் பேசியவைதான்.

அதைவிடச் சுவையானது எதிர்முனை. நம் முன்மூளையும் கண்ணும் உருவாகும் பகுதியைக் குறிக்கும் மரபணுக்களில் ஒன்று சிக்ஸ்-3/6. கடல்சாமந்தியில் அது வாய்க்கு நேர் எதிர்முனையில் இயங்குகிறது என்று 2013-இல் வெளியானது. அதன் இளவுயிரி நீந்தும்போது அந்த முனைதான் முன்னால் போகிறது. உணர்வுமயிர்க் குடுமி ஒன்றும் அங்கே உண்டு. சில நாள் நீந்திய பிறகு அந்த முனையையே கீழே ஊன்றி அமர்ந்துவிடுகிறது. மரபணுக்களின் பார்வையில் கடல்சாமந்தி தலையைச் சேற்றில் குத்திக்கொண்டு வாழ்கிறது. ஹைட்ராவின் 'தலை' என்ற பெயரை நாம் விட்டுவிட்டு, வாய்ப்பக்கம் என்று சொல்வதே நேர்மை.

உடனே ஒரு கேள்வி எழும். வின்ட் முனையில் வாய் என்றால், நம் வாய் எப்படி எதிர்முனைக்குப் போனது? கடல்சாமந்திக்கு ஒரே துளை. உண்பதும் கழிப்பதும் அதன் வழியே. நம் வம்சத்தில் கருத்துளை ஆசனவாயாகிறது, வாய் புதிதாகத் திறக்கிறது. பழைய துளை ஒரு பிளவாக நீண்டு, நடுவில் மூடி, இரு ஓரங்களிலும் வாயும் ஆசனமுமாக மிஞ்சியது என்று ஆடம் செட்ஜ்விக் 1884-இல் முன்வைத்த யோசனை இன்றும் உயிரோடு இருக்கிறது. எனக்கு இது அழகான யோசனையாகத் தெரிகிறது, நிரூபணமாகத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால் தரை வழுக்கத் தொடங்குகிறது. கடற்பஞ்சுக்கு வாய் இல்லை, நரம்பு இல்லை, மற்ற விலங்குகளில் உடற்பகுதிகளை வரிசைப்படுத்தும் ஹாக்ஸ் மரபணுவும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஆம்ஃபிமெடான் கடற்பஞ்சின் இளவுயிரியில் வின்ட் பின்முனையில் தெரிகிறது என்று 2007-இல் அதாம்ஸ்கா குழு காட்டியது. சைகான் என்ற சுண்ணக் கடற்பஞ்சில் 21 வின்ட் மரபணுக்கள். அவற்றில் சில, நீர் வெளியேறும் துளையைச் சுற்றி இயங்குகின்றன. நன்னீர்க் கடற்பஞ்சில் ஜிஎஸ்கே-3-ஐ அடக்கினால் வெளியேறு துளைகள் கூடுதலாக முளைக்கின்றன. கதை பொருந்தி வருகிறது என்று நிமிர்ந்து உட்காரும்போது சீப்பு ஜெல்லி குறுக்கே வருகிறது. நெமியோப்சிஸில் இருப்பது நான்கே வின்ட் மரபணுக்கள். அவையும் கரு வளர்ச்சியின் பிற்பகுதியில், வாய்க்கு எதிர்ப்புறமாக இயங்கின என்றது 2010 ஆய்வு. விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சல்ல, சீப்பு ஜெல்லிதான் என்று 2023-இல் குரோமோசோம்களின் வரிசை அமைப்பை ஒப்பிட்ட ஷுல்ட்ஸ் குழு வாதிட்டது. அது சரியென்றால் இரண்டு வாய்ப்புகள்: வின்ட் முதலில் வேறு எதற்கோ இருந்து பிறகு அச்சுக்கு வந்தது, அல்லது சீப்பு ஜெல்லி பழைய ஏற்பாட்டைக் கைவிட்டது. இன்றைய சான்றுகளில் எதையும் விலக்க முடியாது. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். காரணம், விலங்குகளின் நெருங்கிய ஒருசெல் உறவான கோயனோஃபிளாஜலேட்டிடம் வின்ட் கிடையாது. ஆனால் ஜிஎஸ்கே-3 ஈஸ்ட்டிடமே இருக்கிறது, பீட்டா-கேட்டனினின் உறவுப் புரதம் சளிப்பூஞ்சையிடம் இருக்கிறது. உள்வீட்டுச் சாமான்கள் பழையவை. வாசலில் வந்து தட்டும் ஆள்தான் புதியவர். அவர் வந்த நாளிலேயே இன்றைய முழு வேலையும் கைக்கு வந்திருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை பேசியது ஒரே அச்சு. முதுகு, வயிறு என்ற இரண்டாவது அச்சுக்கு வேறொரு பரம்பரை. 1822-இல் பாரிஸில் எத்தியென் ஜொஃப்ருவா சேன்-இலேர் ஒரு சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டு அறுத்துப் பார்த்துவிட்டு, இது தலைகீழான முதுகெலும்பி என்றார். இறாலுக்கு நரம்பு வயிற்றுப்புறம், இதயம் முதுகுப்புறம்; நமக்கு நேர்மாறு. சிரித்தவர்கள் அதிகம். 1990-களில் சிரிப்பு அடங்கியது. பழ ஈயில் டிபிபி என்ற சமிக்ஞை முதுகை உண்டாக்குகிறது. சாக் என்ற புரதம் வயிற்றுப்புறத்தில் அதைத் தடுத்து நரம்புக்கு இடம் விடுகிறது. தவளையில் டிபிபியின் உறவான பிஎம்பி, அதாவது முன்பு சொன்ன 'எலும்பு வளர்ப்புப் புரதம்', வயிற்றை உண்டாக்குகிறது. சாக்கின் உறவான கார்டின் முதுகுப்புறத்தில் அதைத் தடுக்கிறது. ஈயின் சாக் செய்தியைத் தவளைக் கருவில் செலுத்தினால் தவளை அதைப் புரிந்துகொண்டு முதுகுப்புறத் திசுவை வளர்க்கிறது. 1996-இல் டி ரொபெர்டிஸும் சசாயும் ஜொஃப்ருவாவை மீட்டெடுத்து எழுதினார்கள்: எங்கோ நம் முன்னோர் ஒருவர் கவிழ்ந்து படுத்திருக்கிறார்.

பிஎம்பி-கார்டின் ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கார்டின் பிஎம்பியைப் பிடித்துக்கொண்டால் அதன் வேலை நிற்கிறது. ஆனால் பிடிபட்ட நிலையில் பிஎம்பி யாரிடமும் சிக்காமல் தூரம் போக முடிகிறது. கார்டின் குறைந்த எதிர்ப்பக்கத்தில் டொல்லாய்டு என்ற நொதி கார்டினை வெட்டிவிடும்போது பிஎம்பி விடுபட்டு அங்கே குவிகிறது. கைதி, காவலரின் வண்டியிலேயே ஏறி ஊர்விட்டு ஊர் போய்ச் சேர்ந்த கதை.

நெமடோஸ்டெல்லா இங்கேயும் வருகிறது. வெளித்தோற்றத்தில் வட்டமான உயிரிதான். குறுக்கே வெட்டினால் வாய்க்குழலும் தசைமடிப்புகளும் இருபக்கச் சமச்சீராக இருப்பதைப் பழைய விலங்கியலாளர்களே குறித்திருக்கிறார்கள். அதில் பிஎம்பி-2/4, கார்டின் இரண்டின் மரபணுக்களும் ஒரே பக்கத்தில் இயங்குகின்றன; பிஎம்பியின் விளைவு தெரிவதோ எதிர்ப்பக்கத்தில். பிஎம்பியை முடக்கினால் இருபக்கச் சமச்சீர் அழிந்து கரு வட்டமாகிவிடுகிறது. ஹாக்ஸ் மரபணுக்களும் இந்தக் குறுக்கு அச்சின் வழியேதான் வரிசை கட்டி, உட்குழியை எட்டு அறைகளாகப் பிரிக்கின்றன என்று 2018-இல் கிப்சன் ஆய்வகம் காட்டியது. 2025-இல் வியன்னாவின் டேவிட் மோர்ஸ்டோர்ஃபும் கெனிகோவிச்சும், இந்தக் கடல்சாமந்தியிலும் கார்டின் வெறும் தடுப்பி அல்ல, பிஎம்பியைத் தூக்கிப்போகும் வண்டிதான் என்று நிறுவினார்கள்.

அப்படியானால் இருபக்கச் சமச்சீர் ஒருமுறைதான் தோன்றியதா? ஆம் என்றால் கடல்சாமந்தியின் உறவினரான ஜெல்லிமீனும் ஹைட்ராவும் அதைப் பின்னால் இழந்திருக்க வேண்டும். நுணுக்கமான ஏற்பாடு இரண்டு முறை தனித்தனியே அமைவது கடினம் என்பது ஒருமைவாதிகளின் பலம். ஆனால் ஈ, தவளை போன்ற பல உயிரிகள் ஒரே கருவியை அடிக்கடி எடுக்கின்றன என்பதே அது எளிதில் கைக்கு வரும் கருவி என்பதற்கும் சாட்சியாகலாம். எனக்கு வின்ட் அச்சில் இருக்கிற உறுதி பிஎம்பி அச்சில் பாதிதான் இருக்கிறது. கேட்டோப்டெரஸ் என்ற வளையப்புழு முதுகு-வயிறு பிரிப்புக்கு பிஎம்பியை நம்பாமல் ஆக்டிவின்/நோடல் சமிக்ஞையைப் பயன்படுத்துகிறது. ஏகோர்ன் புழுவில் பிஎம்பி முதுகைக் குறிக்கிறது, ஆனால் நரம்பை ஒடுக்குவதில்லை. நடுநரம்பு வடமே பல வம்சங்களில் தனித்தனியாக உருவானது என்று 2018-இல் மார்ட்டின்-துரான் குழு எழுதியது. அச்சு பழையது, அதன்மேல் கட்டிய வீடுகள் புதியவை என்று பிரித்துப் பார்த்தால் இந்த முரண்கள் பாதி அடங்கும்.

பழ ஈயே ஓர் எச்சரிக்கை. அதன் முன்முனையைக் குறிப்பது பைகாய்டு. 1988-இல் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஆய்வகம் அது வேலை செய்யும் விதத்தைக் காட்டியபோது தலை உண்டாகும் பொதுவிதி கிடைத்துவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள். அது ஒரு ஹாக்ஸ் மரபணுவின் பிரதியிலிருந்து ஈக்களின் ஒரு கிளையில் மட்டும் அண்மையில் பிறந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வண்டு சொன்னதே பழைய கதை. மாறாக ஹோஃப்ஸ்டீனியா என்ற ஏசீல் புழு, இருபக்க உயிரிகளின் மரத்தில் மிக முன்பே பிரிந்ததாகப் பலர் கருதும் கிளையைச் சேர்ந்தது. வெட்டுண்டு மீளும்போது அது நீள அச்சுக்கு வின்டையும் முதுகு-வயிற்றுக்கு பிஎம்பியையும் பயன்படுத்துகிறது என்று 2014-இல் மான்சி ஸ்ரீவாஸ்தவா காட்டினார்.

பாறைகள் இதில் எவ்வளவு உதவும்? ரஷ்யாவின் வெண்கடல் ஓரத்தில் கிடைத்த டிக்கின்சோனியா என்ற புதைபடிவம் 55.8 கோடி ஆண்டு பழையது. அதில் கொலஸ்ட்ரால் எச்சம் கிடைத்ததால் விலங்குதான் என்று 2018-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. தென் ஆஸ்திரேலியாவில் 2020-இல் விவரிக்கப்பட்ட இகாரியா வாரியூட்டியா அரிசிமணி அளவு; ஒரு முனை சற்றுப் பருத்தது. அது மணலில் துளைத்துச் சென்ற தடங்களும் கிடைத்திருக்கின்றன. எந்த முனை முன்னால் போனது என்பதைத் தடம் சொல்கிறது. அந்த முனையில் வின்ட் ஓய்ந்திருந்ததா என்பதைக் கல் சொல்லாது. அதைக் கேட்க உப்பங்கழிச் சேற்றுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒன்று, முன்னால் நீந்திவந்த முனையைப் புதைத்துக்கொண்டு, பின்முனையில் வாயைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறது.